உப்புவெளியில பீட்ஸா, கிண்ணியாவில ஷவர்மா

வணக்கம் நேயர்களே. நிகழ்ச்சி செய்யிற தம்பி கோல் எடுத்து, திருகோணமலையில வெளிநாட்டுச் சாப்பாடு எங்க நல்லா இருக்கும் எண்டு ஒருக்கா வந்து கதையுங்க அண்ணை எண்டார், நான் கொஞ்சக் காலம் கட்டார்லயும் பிறகு உப்புவெளிப் பக்கத்து ஹொட்டல் குசினியிலயும் கரண்டி பிடிச்ச ஆள் எண்டபடியா. வந்திட்டன். ஆனா இந்தக் கடை முதலாமிடம், அந்தக் கடை ரெண்டாமிடம் எண்டு மார்க்ஸ் போட நான் வரேல்ல, ஏனெண்டா பீச்சுப் பக்கம் சீசனுக்குச் சீசன் குக் மாறுவார், போன வருஷம் நல்லாச் சமைச்ச இடம் இந்த வருஷம் கவுண்டு கிடக்கும்.

என்ட கணக்கு இதுதான். எங்கட கடல்ல இருந்து காலமை இறங்கினதை வச்சுச் செய்யிற வெளிநாட்டுச் சாப்பாடு இங்க நல்லா வரும், கொழும்பை விட நல்லா வரும். டின்னுலயும் பிரீசர்லயும் வந்ததை வச்சுச் செய்யிறது சுமாராத்தான் வரும், ஆனா காசு அதுக்குத்தான் கூட எடுப்பாங்க.

எங்கட ஆக்களுக்கு வெளிநாட்டுச் சாப்பாடு எண்டா முதல்ல சைனீஸ்தான். டவுண்ல எந்தக் கடைக்குப் போனாலும் பிரைட் ரைஸ், நாசிகொறாங், சொப்சி, மொங்கோலியன் ரைஸ் எண்டு போர்ட்ல நிக்கும், மொங்கோலியாவில இருந்து ஒருத்தர் வந்து அந்த மொங்கோலியன் ரைஸைப் பார்த்தா இது என்ன சாமான் எண்டு எங்களையே கேப்பார். பரவாயில்ல, ருசியா இருந்தாச் சரி. அதே மாதிரி ஹொட் பட்டர் கட்டில்ஃபிஷ், அதுவும் சீனாவில தேடினாக் கிடையாது, இலங்கையில சைனீஸ் ரெஸ்டோரண்ட் நடத்தினாக்களின்ட குசினியில பிறந்தது. ஆனா அதைக் கணவாய் இறங்கிற ஊர்லதான் சாப்பிடோணும். கணவாயைச் சுத்தமாக்கி உள்பக்கத்தைக் கத்தி நுனியால லேசாக் கட்டம் கட்டமாக் கீறி, விரலளவு துண்டா வெட்டி, கோதுமை மாவும் கோன்ஃப்ளவரும் முட்டையும் சேர்த்துப் பிரட்டி, நல்லாச் சூடான எண்ணெயில போட்டா ரெண்டு நிமிஷம் காணும், அதுக்கு மேல நிண்டா ரப்பர். பக்கத்துத் தாச்சியில பட்டர் உருக்கி உள்ளி, செத்தல் மிளகாய், வெங்காயத் தாள் எல்லாம் போட்டு வாசம் எழும்பின உடன பொரியலைக் கொட்டி ஒரே பிரட்டு, அப்பிடியே மேசைக்குப் போகோணும். பிளேட்டின்ட அடியில எண்ணெய் தேங்கி நிண்டா தாச்சி சூடேற முதலே போட்டுட்டாங்க எண்டு விளங்கிக்கொள்ளுங்க, அடுத்த முறை வேற கடை.

நண்டு எண்டா உப்புவெளியில ட்ரிங்கோ ப்ளூ ஹொட்டல், பழைய ஆக்களுக்கு கிளப் ஓஷியானிக் எண்டாத்தான் விளங்கும், அங்க நண்டுக்கெண்டே ஒரு ரெஸ்டோரண்ட் வச்சிருக்கிறாங்க. பில் கையைச் சுடும், மறைக்கேல்ல, பிறந்தநாள் மாதிரி ஏதும் எண்டாப் போகலாம். சிங்கப்பூர்ல சில்லி க்ராப் எண்டு பெரிசாக் கொண்டாடுறாங்களே, அதுக்கு அங்கத்தை நல்ல கடையள் தேடி வாங்கிறது இலங்கைக் களப்பு நண்டை, உயிரோட பிளேன் ஏத்தி எடுக்கிறாங்க. நாங்க நிலாவெளி பஸ்ல ஏறினாக் காணும்.

பீட்ஸாவுக்கு வாறன். மா எங்கட ஊர் மாதான், சைனாபேயில இருக்கிற பிறீமா ஆலை சிங்கப்பூர்க் கம்பனியின்டது, கப்பல்ல வாற கோதுமை அங்க அரைபட்டுத்தான் ஊர்ப் பாணும் பராட்டாவும் ஆகுது. பிரச்சினை சீஸ். 2022 நெருக்கடியில டொலர் ஏற சீஸ், ஒலிவ் ஒயில் எல்லாம் சேர்ந்து ஏறிப்போச்சு, அதால சில இடங்கள்ல சீஸ் எண்டு போடுறது வாயில இழுபடுமே தவிர பால் வாசமே இராது. மற்றது அடுப்பு. இத்தாலியில நேப்பிள்ஸ் பக்கம் விறகு அடுப்பு 400 பாகைக்கு மேல சூடேறி நிக்கும், ஒண்டரை நிமிஷத்துக்குள்ள பீட்ஸா வெளிய வந்திரும், ஓரம் பொங்கி அங்கங்க கருகியிருக்கும். சின்னக் கரண்ட் அவன்ல கால் மணித்தியாலம் கிடந்தா அது காய்ஞ்சு போகும். அதால உப்புவெளியிலயோ நிலாவெளியிலயோ விறகு அடுப்பு வச்சிருக்கிற இடமாப் பாருங்க, மாவை அங்கயே உருட்டிறாங்களா இல்லாட்டி ரெடிமேட் பேஸா எண்டு கேளுங்க, கேக்க வெக்கப்படாதீங்க. மேல என்ன போடச் சொல்லலாம் எண்டா இறால், கணவாய், சூரை. டின் சொசேஜ் வேண்டாம். பாஸ்டாவும் அப்பிடித்தான், கிரீம் சோஸை விட்டுட்டு உள்ளி, மிளகாய், ஒலிவ் ஒயில்ல இறால் பிரட்டித் தரச் சொல்லுங்க.

உப்புவெளி டவுண்ல இருந்து அஞ்சாறு கிலோமீற்றர்தான், எண்டாலும் ராவில ஓட்டோக்காரரோட பேரம் பேச ஏலாது எண்டு நினைக்கிறாக்களுக்கு இன்னர் ஹார்பர் ரோட்ல டச் பேங்க் கஃபே இருக்கு, பாஸ்டா, பேர்கர் மாதிரிச் சாமான். டைக் ஸ்ட்ரீட்ல கிறீன் பார்க் ஹொட்டல், அது வட இந்தியச் சாப்பாட்டுக்கு, நான் ரொட்டி, பன்னீர்க் கறி எண்டு போகலாம்.

ஷவர்மா, இல்லாட்டி மந்தி, கப்ஸா எண்டு அரபு நாட்டு இறைச்சிச் சோறு எண்டா என்னைக் கேட்டா கிண்ணியாப் பக்கம் ஒருக்காப் போய்ப் பாருங்க. 2009ல பாலம் திறக்க முதல் ஃபெரிக்குக் காத்து நிக்கோணும், சும்மா ஒரு சாப்பாட்டுக்கு ஆர் போவாங்க, இப்ப பைக்ல போய் வாற தூரம். அங்க கனபேர் சவுதி, கட்டார் எண்டு வேலை செய்துட்டு வந்தாக்கள், அதால அந்த ருசி தெரிஞ்ச நாக்கு அங்க நிறைய இருக்கு, ஏமாத்த ஏலாது. ஷவர்மாவில ரெண்டு விஷயம் பாருங்க. வெளிப்பக்கம் வெந்ததை மட்டும் மெல்லிசா வழிக்கிறாரா, இல்லாட்டி அவசரத்துல உள்ளுக்க ரோஸ் நிறத்துல இருக்கிறதையும் சேர்த்து வெட்டுறாரா. மயோனீஸ் பிரிட்ஜுக்குள்ள இருந்து வருதா, இல்லாட்டி பின்னேரம் தொடங்கி வெயில் மேசையில நிக்குதா. பச்சை முட்டையில அடிச்ச மயோனீஸ் எங்கட வெக்கைக்கு கனநேரம் தாங்காது, வயித்தைக் கலக்கிப் போடும்.

இப்ப கொஞ்சம் நிண்டு கதைக்கோணும், ஏனெண்டா எங்கட வீடுகள்ல வெள்ளிக்கிழமை மச்சம் இல்ல, கோணேசர் கோயிலுக்குப் போயிட்டு வாற வழியில பிள்ளையள் வெஜிடபிள் பிரைட் ரைஸ் கேக்கும், நாங்களும் மரக்கறிதானே எண்டு வாங்கிக் குடுப்பம். அதுக்குள்ள ஒயிஸ்டர் சோஸ் இருந்தா அது சிப்பி. நாசிகொறாங்குக்கு இறால்ல செய்த பிளாச்சான் போடுறது வழக்கம். தாய்லாந்துக் கறியின்ட பேஸ்ட்லயும் பெரும்பாலும் இறால் இருக்கும், டொம் யம் சூப்ல மீன் சோஸ், சீசர் சலட் சோஸ்ல அஞ்சோவி எண்டு சின்ன மீன், பார்மசான் சீஸை உறைய வைக்கிறது கண்டுக்குட்டியின்ட வயித்தில இருந்து எடுக்கிற சாமானால. மெனுவில பச்சை இலை படம் போட்டிருக்கு எண்டு நம்பாதீங்க, குசினிக்குள்ள தெரியும் எண்டபடியாச் சொல்லுறன், அதே தாச்சி, அதே கரண்டி. முஸ்லிம் ஆக்களும் பீச் ஹொட்டல்ல இறைச்சியை மட்டும் கேட்டுட்டு விட்டுடுறாங்க, சோஸ்ல வைன் ஊத்துறாங்களா எண்டும் கேக்கோணும், பாஸ்டாவில அது வழமை. வெயிட்டருக்குத் தெரியாட்டி உள்ள போய்க் கேட்டுட்டு வாங்க தம்பி எண்டு சொல்லுங்க, நல்ல இடமா இருந்தா குக்கே வெளிய வந்து சொல்லுவார்.

காசு விஷயம். மெனுவின்ட அடியில சின்ன எழுத்தில வரி வேற, சேர்விஸ் சார்ஜ் வேற எண்டு நிக்குதா எண்டு முதல்ல பாருங்க. சேர்விஸ் சார்ஜ் 10 வீதம், அதுக்கு மேல 2024ல கூட்டின 18 வீத வற், ரெண்டும் ஏறினா 3000 ரூபா எண்டு பார்த்த சாப்பாடு 3900க்குக் கிட்ட வந்து நிக்கும். நாலு பேர் போனா நாலு பிளேட் எடுக்க வேண்டாம், ரெண்டு எடுத்துப் பகிர்ந்து பாருங்க.

இன்னொண்டு, இந்தக் கடற்கரைக் கடையள் எல்லாம் சித்திரை முடிய இருந்து புரட்டாதி வரைக்கும்தான் களை கட்டும். மாரி தொடங்கினா கனக்க இடம் பூட்டு, திறந்திருக்கிற இடத்திலயும் மெனுவில பாதி இல்ல எண்டுதான் சொல்லுவாங்க, கடலுக்கு ஆக்கள் போகாட்டி மீனும் இராதே. அந்த நேரம் நான் சாப்பிடுறது வேற. பாலையூற்றுப் பக்கம் எங்கட பறங்கியர் வீடுகள் இருக்கு, போர்த்துக்கேயர் வந்த காலத்து வேர் உள்ள ஆக்கள். நத்தாருக்கு அந்தச் சமூகத்தாக்கள் செய்யிற லவ் கேக், ரவையும் கஜுவும் முட்டை மஞ்சட்கருவும் புஹுல் தோசி எண்டு சீனிப்பாகில போட்ட நீத்துப்பூசணியும் ரோஸ் வோட்டரும் போட்டு, மேல் மொறுமொறு எண்டும் உள்ளுக்க ஈரமாவும் வாறது, எந்த ரெஸ்டோரண்ட் மெனுவிலயும் இருக்காது. தெரிஞ்ச வீடு இருந்தா நவம்பர் முடிய முதலே சொல்லி வையுங்க, டிசம்பர் 20க்குப் பிறகு கேட்டா ஒரு துண்டும் கிடையாது. சரி தம்பி, ஆரோ லைன்ல நிக்கிறாங்க போல, எடுங்க.