சாதாரண ஸ்கானில் குழாய் தெரியாது

நேயர்களுக்கு வணக்கம்.

முல்லைத்தீவிலிருந்தும் மாங்குளத்திலிருந்தும் கிளினிக்குக்கு வரும் பெண்கள் பலர், பையிலிருந்து ஸ்கான் அறிக்கையை எடுத்து நீட்டுகிறார்கள். “எல்லாம் சரியென்றுதான் எழுதியிருக்கிறது டொக்டர். பிறகேன் பிள்ளை தங்கவில்லை?” அறிக்கையில் பிழையில்லை. கருப்பையும் சூலகங்களும் அதில் தெரியும். சூலகத்திலிருந்து கருப்பைக்கு முட்டை வரும் பாதையான கருப்பைக்குழாய் தெரியாது. 10, 12 சென்ரிமீற்றர் நீளமான அந்தக் குழாயின் உள்வழி, கருப்பையோடு சேருமிடத்தில் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான். நீர் கோத்து வீங்கினாலொழிய அது சாதாரண ஸ்கானுக்கு அகப்படுவதில்லை.

அதைப் பார்ப்பதற்கென்றே ஹைகோசி என்ற ஸ்கான் பரிசோதனை இருக்கிறது. அந்த மாத இரத்தப்போக்கு நின்ற பின், முட்டை வெளியேறுமுன் செய்வார்கள். கருப்பை வாய் வழியாக மெல்லிய குழலைச் செலுத்தி, காற்றுக் குமிழ் கலந்த உப்புநீரையோ விசேட நுரையையோ மெதுவாக விடுவார்கள். குமிழ்கள் திரையில் வெள்ளையாக மின்னிக்கொண்டு ஓடி, சூலகத்தின் அருகே சிந்தினால் பாதை திறந்திருக்கிறது. மயக்க மருந்து இல்லை, ஊடுகதிர் இல்லை. அன்றே வீடு திரும்பலாம். மாதவிடாய் வலிபோல் அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். வலி மாத்திரையை முன்கூட்டியே கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். பிறகு காய்ச்சலோ கூடிக்கொண்டே போகும் வலியோ வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

“அடைப்பு” என்று முடிவு வந்தாலும் மனம் உடைந்துவிடாதீர்கள். திறந்த குழாயே சிலவேளை இறுகிக்கொண்டு அடைபட்டதுபோல் காட்டும். சந்தேகம் இருந்தால் ஊடுகதிர்ப் படத்தாலோ, வயிற்றில் சிறு துளையிட்டுக் கமராவால் உள்ளே பார்க்கும் லப்பிரஸ்கோப்பியாலோ உறுதிசெய்வார்கள்.

மாமிமாருக்கும் கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வையுங்கள். கூடவே கணவரின் விந்துப் பரிசோதனையையும் செய்யுங்கள். குழாய்ப் பரிசோதனைக்கு முன்பே செய்ய வேண்டியது அது. பெண்ணை மட்டும் தனியே பஸ் ஏற்றி அனுப்புவது நியாயமில்லை.

ஒரு வருடம் முயன்றும் தங்காவிட்டால் வைத்தியரிடம் வாருங்கள். 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே வாருங்கள். இன்னும் சிலர் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். 2009 யுத்தத்தின்போது சிறுமிகளாக இருந்தவர்கள் இன்று பிள்ளைக்காக ஏங்கும் வயதில் இருக்கிறார்கள். அன்று வயிற்றில் காயப்பட்டுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு உள்ளே தசை ஒட்டிக் குழாய் மடிந்திருக்கக்கூடும். குடல்வால் வெடித்தவர்களுக்கும் அப்படித்தான். பழைய கதையென்று மறைக்காமல், முதல் நாளிலேயே அந்தத் தழும்பை வைத்தியரிடம் காட்டுங்கள்.