குளத்தில் குளித்த பிள்ளையின் கண்ணில் வெள்ளைக் கட்டி: நத்தையிலிருந்து வரும் புழு

[திரையில்: ஒரு சிறுவனின் கண், மிக அருகில்]

கருவிழியின் கீழ் விளிம்பைப் பாருங்கள். அரிசிக் குருணை அளவுக்கு முத்துப் போல ஒரு வெள்ளைப் புள்ளி. சுற்றிலும் கண் சிவந்திருக்கிறது. பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் இப்படி வரும். இதைச் சாதாரண மெட்ராஸ் ஐ என்று விட்டுவிடக் கூடாது.

தென்தமிழகக் கிராமங்களில் குளத்தில் குளிக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கட்டிகளைக் கண்டு, 2001, 2002 ஆண்டுகளில் ஆய்விதழ்களில் எழுதியவர்கள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர் எஸ். ஆர். ரத்தினமும் அவருடைய குழுவும். கட்டிக்குள் இருந்தது தட்டைப்புழுவின் மிச்சம். 2016இல் அச்சான இன்னோர் ஆய்வு, மரபணுச் சோதனை மூலம் அது புரோசெரோவம் வேரியம் என்ற தட்டைப்புழு வகை என்று காட்டியது. ஊர்க் குளத்து நத்தைகளிலும் அதே புழு இருந்தது.

[திரையில்: திருகாணி போல நீண்ட ஓடுள்ள நத்தை]

இதுதான் அந்த நத்தை, மெலனாய்ட்ஸ் டியூபர்குலேட்டா. இதன் உடலிலிருந்து வாலுள்ள இளம்புழுக்கள் தண்ணீருக்குள் வெளியேறும். அவை போய்ச் சேர வேண்டிய இடம் மீன். அந்த மீனைத் தின்னும் பறவையின் குடலில்தான் புழு முழு வளர்ச்சி பெறும். நடுவே பிள்ளையின் கண் அகப்பட்டால், கண்ணின் மேற்பரப்பு வழியே நுழைந்துவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அங்கே அது வளர முடியாது. ஆனால் அதை எதிர்த்து உடல் கிளப்பும் அழற்சிதான் கட்டியாகத் திரள்கிறது. கெடுதல் செய்வதும் அந்த அழற்சியே: கருவிழி வெளுக்கலாம், கண்புரை விழலாம், கண்ணழுத்தம் ஏறலாம்.

அதனால் இங்கே முதல் மருந்து பூச்சி மாத்திரை அல்ல, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. கண் மருத்துவர் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்த்து, முதலில் அடிக்கடி விடச் சொல்லி, பிறகு படிப்படியாகக் குறைப்பார். கருவிழியின் நடுத் துளையான கண்பாவையை விரிக்கும் சொட்டும் சேரும். சின்னக் கட்டி இதிலேயே கரையும். பெரிய கட்டியை அறுவை அரங்கில் உறிஞ்சி எடுக்க வேண்டியிருக்கும்.

கடையில் கேட்டு வாங்கி இதே ஸ்டீராய்டை நீங்களாக விடாதீர்கள். உள்ளே இருப்பது ஹெர்பிஸ் வைரஸோ பூஞ்சையோ என்றால் கருவிழியே கரைந்துபோகலாம். தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதுவும் கண்ணில் வேண்டாம்.

தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. காசநோயும் கண்ணுக்குள் இதே மாதிரிக் கட்டியை உண்டாக்கும். நம் நாட்டில் காசநோய்க்கான மேண்டூ ஊசிச் சோதனை பலருக்கும் பாசிட்டிவாக வரும். அதை மட்டும் நம்பினால் பிள்ளை மாதக்கணக்கில் வேண்டாத காசநோய் மாத்திரை விழுங்க நேரும். எனவே மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: எந்தக் குளம், கடைசியாக எப்போது குளித்தான், கூடக் குளித்தவர்களில் யாருக்காவது கண் சிவந்திருக்கிறதா.

வீட்டில் பார்க்க, பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி மேலே பார்க்கச் சொல்லுங்கள். கைகளைக் கழுவிவிட்டுக் கீழ் இமையை மெதுவாக இறக்குங்கள். வெள்ளை விழியின் மேலோ கருவிழியின் அடியிலோ கட்டி தெரிந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். ஒரே ஊரில் இரண்டு பிள்ளைகளுக்கு இப்படி இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி, அந்தக் குளத்தில் இறங்கும் எல்லாப் பிள்ளைகளின் கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை போர்வெல் தண்ணீரில் குளிக்கட்டும்.