25 வோல்ட்டுல வெல்டிங் பொறி எப்படி நிக்குது?

அடுத்த கேள்வி மும்பை தாராவியிலிருந்து. 90 அடி ரோட்டுல கிரில் பட்டறை வச்சிருக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு: "அண்ணே, பிளக் பாயின்ட்டுல 230 வோல்ட் இருக்கு, ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல பொறி பாயல. வெல்டிங்குல 25 வோல்ட்டுதான்னு சொல்றாங்க, அங்க மட்டும் எப்படி இவ்ளோ வெளிச்சம் நிக்குது?"

நல்ல கேள்வி தம்பி. காத்து லேசுல கரண்டை விடாது. 1 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டவே சுமாரா 3,000 வோல்ட் வேணும். 25 வோல்ட் தாண்டவே தாண்டாது, நீங்களும் அதைத் தாண்ட வைக்கிறதில்ல. ராடை இரும்புல உரசுறீங்க பாருங்க, அதுலதான் விஷயமே இருக்கு. தொட்ட எடத்துல நூறு ஆம்பியர் அளவுக்குப் பாயுது, முனை உருகி ஆவியாகுது. அந்த நேரம் பார்த்து ராடை ரெண்டு மூணு மில்லிமீட்டர் தூக்குறீங்க. இப்ப நடுவுல இருக்கிறது சாதாரணக் காத்து இல்ல, எலக்ட்ரான் பிரிஞ்சு கொதிக்கிற வாயு. பிளாஸ்மான்னு பேரு. அது கம்பி மாதிரி கரண்டைக் கடத்தும். கரண்ட் போறதால சூடு, சூடு இருக்கிறதால கரண்ட். பல ஆயிரம் டிகிரி! இரும்பு உருக 1,500 டிகிரி சுமார்தானே. மெஷின் சும்மா நிக்கும்போது 60, 70 வோல்ட் காட்டும், பொறி பிடிச்சதும் இறங்கிடும், கவனிச்சிருப்பீங்க.

சயான் ஸ்டேஷன்ல மழை நேரத்துல லோக்கல் டிரெயின் மேல நீலமா பளிச்னு அடிக்குமே, அதுவும் இந்தத் தொட்டுப் பிரியற கதைதான். டிரெயின் கூரையிலிருந்து மேல் கம்பியைத் தொட்டு கரண்ட் எடுக்கிற சட்டத்துக்குப் பேன்டோகிராப்னு பேரு. அது கம்பியை விட்டு ஒரு துள்ளு துள்ளினா போதும்.

1925ல விடி (இப்ப சிஎஸ்எம்டி) ஸ்டேஷனுக்கும் குர்லாவுக்கும் நடுவுல ஓடின முதல் மின்சார ரயில் 1,500 வோல்ட் டிசி, அதாவது ஒரே பக்கமா ஓடுற கரண்ட். டிசி பொறி ஒருதடவை பிடிச்சா லேசுல விடாது, காந்தம் வச்சு இழுத்து நீட்டித்தான் அணைக்கணும். இப்ப இருக்கிறது 25,000 வோல்ட் ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடுற கரண்ட். மாத்தினதுக்கு முக்கியக் காரணம் வேற, அதே சக்திக்கு ஆம்பியர் ரொம்பக் கம்மியா போதும். ஆனா ஏசியில இன்னொரு வசதி, கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்துக்கு வந்து போகுது. அந்தக் கணத்துல பொறியை அணைச்சிடலாம்.

ரயிலுக்கு உதவுற அதே பூஜ்யம்தான் உங்களுக்குத் தொல்லை. பழைய டிரான்ஸ்பார்மர் மெஷின்ல உங்க பொறியும் நொடிக்கு 100 தடவை செத்துப் பிழைக்குது! ராடு மேல இருக்கிற பூச்சுல பொட்டாசியம் மாதிரி சரக்கு கலந்திருக்கிறதாலதான் அது திரும்பத் திரும்பப் பத்திக்குது. இன்வெர்ட்டர் மெஷின்ல டிசி வர்றதால நிதானமா நிக்கும்.

ஒண்ணு கேக்கணும் தம்பி. ராடு பிடிக்கிற நீங்க கண்ணாடி போடுறீங்க, பக்கத்துல இரும்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற பையன்? பொறியிலிருந்து வர்ற புற ஊதாக் கதிர் கண்ணோட மேல்தோலை வேக வச்சிடும். அப்ப ஒண்ணும் தெரியாது, ராத்திரிதான் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும். அப்படி ஆச்சுன்னா கை வைத்தியம் வேண்டாம், கண் டாக்டர்கிட்ட காட்டுங்க. அந்தப் பையனுக்கும் ஒரு ஷீல்டு வாங்கிக் கொடுங்க. ரோட்டுப் பக்கம் ஒரு தகரத்தை மறைப்பா நிறுத்துங்க, ஸ்கூல் விட்டு வர்ற பிள்ளைங்க நின்னு பார்க்குதுங்க.