பந்திக்கு முந்துங்கள்: கம்யூனிட்டி காலேஜிலிருந்து பெர்க்லி வரை

(சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தமிழர் கூட்டம் ஒன்றில், கல்வி நாளன்று ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, ஓயாது ஓடிக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே (உங்களைத் தனியாக விளிப்பதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் தெரியும்), தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, நான் பேசுவதில் ஒரு சொல்கூடப் புரியாதபோதும் முன் வரிசையில் புன்னகையோடு வீற்றிருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, இந்த அரங்கை வாடகையில்லாமல் தந்த மருத்துவர் ஐயா அவர்களே, எனக்குப் போட்ட பொன்னாடையைப் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் சேர்த்துப் போர்த்திவிட்ட துணைத் தலைவர் அவர்களே, பெற்றோர்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்த நேரம் இருபது நிமிடம். அதில் இரண்டை இப்போதே செலவழித்துவிட்டேன்.

சொல்ல வந்தவை நான்கு. ஒன்று, கம்யூனிட்டி காலேஜிலிருந்து, அதாவது உள்ளூரில் இருக்கும் இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து, பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போகும் பாதை. இரண்டு, அந்தப் பாதையில் கிடைக்கும் உதவித்தொகைகள். மூன்று, எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்த பெற்றோரைச் சார்ந்த விசாவில், இருக்கும் நம் பிள்ளைகள். நான்கு, விண்ணப்பக் கட்டுரை எழுதுவது. நான்குக்கும் சேர்த்து ஒரே ஒரு பழமொழி. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். அதோ, பின்வரிசையில் ஒரு தம்பி சிரிக்கிறார். ஆமாம் தம்பி, அதுதான்: பந்திக்கு முந்து! "படைக்குப் பிந்து" என்ற மறுபாதி நமக்கு வேண்டாம். படிப்புக்கு முன்பாதி போதும்.

முதலில் ஒரு கதை. நடந்த கதை.

நண்பர் ஒருவர், மதுரைப் பக்கம், சன்னிவேலில் குடியிருப்பவர். மூத்த மகள் பள்ளி முடித்த ஆண்டு, ஆசைப்பட்ட பல்கலைக்கழகம் எதுவும் கிடைக்கவில்லை. டி ஆன்சா என்ற கம்யூனிட்டி காலேஜில் சேர்த்தார். சேர்த்த அன்றே வீட்டில் உத்தரவு: வெளியே யாரும் மூச்சு விடக் கூடாது. அடுத்த மாதம் ஒரு வளைகாப்பு. சாப்பாட்டில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார், "பொண்ணு எங்கண்ணே படிக்குது?" நண்பர் சொன்னார், "குப்பர்டினோவுல." "குப்பர்டினோவுலயா? அங்க என்ன யுனிவர்சிட்டி இருக்கு?" நண்பர் ரசத்தைக் கையில் வாங்கிக்கொண்டே, "இருக்குல்ல, பெரிய கேம்பஸ்" என்றார்.

குப்பர்டினோவில் பெரிய கேம்பஸ் என்றால் இந்த ஊரில் யாருக்கு எது நினைவுக்கு வரும்? ஆப்பிள் கம்பெனியின் தலைமையகம்தான்! (சிரிப்பு) பாயசம் வருவதற்குள் அந்தப் பெண் ஆப்பிளில் இன்டர்ன் ஆகிவிட்டாள். கை கழுவிவிட்டு வருவதற்குள் நிரந்தர வேலை. அடுத்த வாரம் ஃப்ரீமான்ட்டிலிருந்து ஜாதகமே வந்துவிட்டது! பையன் வீட்டு அம்மாள் போனில் கேட்கிறார், "ஷேர் எல்லாம் நல்லாக் குடுக்குறாங்களாமே, பொண்ணுக்கு எவ்வளவு வந்திருக்கு?" நண்பரின் மனைவி போனை நண்பரிடம் தள்ள, நண்பர் மனைவியிடமே திருப்பித் தள்ள, நடுவில் மகள் பிடுங்கிக்கொண்டாள். "ஆன்ட்டி, நான் டி ஆன்சா காலேஜ், ரெண்டாவது குவார்ட்டர். யூனிட்டுக்கு 31 டாலர் ஃபீஸ். ஷேர் எதுவும் இல்ல, பஸ் பாஸ்தான் குடுத்திருக்காங்க."

ஜாதகம் வந்த வேகத்தில் திரும்பிப் போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, படித்தாள். இரண்டு ஆண்டில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு மாறினாள். அவள் கையில் இருக்கும் பட்டம், நான்காண்டும் அங்கேயே படித்தவர்களுக்குக் கொடுக்கும் அதே பட்டம். இப்போது நண்பரைப் பார்க்க வேண்டுமே! காபி வாங்கப் போனாலும் டி ஆன்சா புராணம்தான்.

இந்த வெட்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? இந்த நாட்டின் முதல் பொது கம்யூனிட்டி காலேஜ் 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கியது. அதற்குப் பின்னால் நின்றவர் யார்? சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். பெரிய பல்கலைக்கழகமே திறந்துவைத்த வாசல் இது. மனித மரபணுத் தொகுதியை வாசித்தறிந்த விஞ்ஞானிகளில் ஒருவரான கிரெய்க் வென்டர், வியட்நாம் போரிலிருந்து திரும்பி வந்து நுழைந்த இடம் நம் பக்கத்து சான் மட்டேயோ கல்லூரி. அங்கிருந்துதான் யூசியின், அதாவது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின், சான் டியேகோ வளாகத்துக்குப் போனார். விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் ஐலீன் காலின்ஸ், நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் என்ற ஊரின் கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டு சிரக்யூஸ் பல்கலைக்கழகம் போனவர்.

சரி, பாதை. கலிபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. பாடத்தின் அளவை யூனிட் கணக்கில் சொல்வார்கள். மாநிலத்தில் குடியிருப்பவருக்கு செமஸ்டர் யூனிட் ஒன்றுக்கு 46 டாலர் (அந்தப் பெண் சொன்ன 31 டாலர், அதைவிடச் சிறிய குவார்ட்டர் யூனிட்டுக்கு). யூசிக்கு மாற 60 யூனிட் வேண்டும். பெருக்கிப் பாருங்கள், 2,760 டாலர். முதல் முறையாக முழுநேரம் சேர்பவர்களுக்குப் பல கல்லூரிகள் இரண்டு ஆண்டு அதையும் வாங்குவதில்லை. யூசியின் ஆறு வளாகங்களில் (டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ்) சொன்ன பாடத்தைச் சொன்ன மதிப்பெண்ணோடு முடித்தால் இடம் உறுதி. இதை 'டேக்' என்கிறார்கள். ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றும் இந்த உறுதியைத் தருவதில்லை, அங்கே போட்டி போட்டுத்தான் நுழைய வேண்டும். யூசிஎல்ஏவுக்கு ஹானர்ஸ் வழி ஒன்று இருக்கிறது. அதைக் கல்லூரிக் கவுன்சிலரிடம் கேளுங்கள், வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

எந்தப் பாடம் எந்த வளாகத்தில் செல்லும் என்பதை 'அசிஸ்ட்' இணையதளத்தில் முதல் வாரமே பார்த்துவிடுங்கள். இரண்டாம் ஆண்டில் பார்த்தால் ஒரு கணக்குப் பாடத்துக்காக ஓர் ஆண்டு போகும். டேக் விண்ணப்பம் செப்டம்பர் மாதம் மட்டும்தான். யூசியின் பொது விண்ணப்பம் நவம்பர் முடிவோடு மூடும். கால் கிராண்ட் என்ற மாநில அரசு உதவித்தொகைக்கு வழக்கமாக மார்ச் 2 கடைசி நாள். பந்திக்கு முந்து என்று நான் அடித்துக்கொள்வது இதற்குத்தான்.

அடுத்து, பணம். ஜாக் கென்ட் குக் என்று ஒருவர். கனடாவில் பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, இங்கே லேக்கர்ஸ் கூடைப்பந்து அணிக்கே முதலாளியானவர். 1997-இல் இறந்தபோது சொத்தில் பெரும்பகுதியைப் படிப்புக்கு எழுதிவைத்தார். அந்த அறக்கட்டளை, கம்யூனிட்டி காலேஜிலிருந்து மாறும் மாணவருக்கு ஆண்டுக்கு 55,000 டாலர் வரை தருகிறது. மற்ற உதவிகள் போக மிச்சமிருக்கும் செலவுக்கு. விண்ணப்பம் ஜனவரி தொடக்கத்தில் முடிந்துவிடும். பெரிய பல்கலைக்கழகத்தின் முடிவு கைக்கு வரட்டும் என்று காத்திருந்தால் இலை எடுத்தாகிவிடும். பந்திக்கு முந்து!

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம்கூட 1990-இல் நிறுத்திய டிரான்ஸ்ஃபர் சேர்க்கையை, அதாவது வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர்களைச் சேர்ப்பதை, 2018-இல் மறுபடி தொடங்கியது. கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைகளையும், ராணுவத்தில் இருந்தவர்களையும், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளையும் மனத்தில் வைத்துத் தொடங்கியது. ஃபை தீட்டா கப்பா என்று, கம்யூனிட்டி காலேஜில் நன்றாகப் படிப்பவர்களுக்கான மாணவர் சங்கம் ஒன்று 1918 முதல் இருக்கிறது. அதில் உறுப்பினராக இருந்தால் மட்டும் கிடைக்கும் டிரான்ஸ்ஃபர் உதவித்தொகைகளைப் பல பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கின்றன. அழைப்பு மின்னஞ்சல் வந்தால் விளம்பரம் என்று அழித்துவிடாதீர்கள்.

ஆனால் குக் அறக்கட்டளை தேர்ந்தெடுப்பது நாடு முழுக்க ஆண்டுக்கு நூறு பேர் அளவைத் தாண்டுவதில்லை. மற்ற பிள்ளைகள்? பெர்க்லியில் இடம் கிடைத்த பிள்ளைக்குக் கட்டணத்துக்கு உதவி வந்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அறை முன்பணத்துக்கு? விண்ணப்பிக்கும்போதே வளாகத்துக்கு ஒரு கட்டணம் கேட்கிறார்களே, அதற்கு? ஆகஸ்டில் கையில் ஆயிரம் இரண்டாயிரம் இல்லாததால், கிடைத்த இடத்தை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே படித்துக்கொள்கிறேன் என்ற பிள்ளைகளோடு நான் பேசியிருக்கிறேன்.

பொருளாளர் அவர்களே, இப்போதுதான் உங்கள் முறை.

தமிழுக்காகப் பணம் திரட்டத் தெரியாதவர்களா நாம்? பெர்க்லியில் தமிழ் இருக்கை அமைந்தது இங்குள்ள தமிழர் கொடுத்த பணத்தில். ஹார்வர்டு இருக்கைக்கு 6 மில்லியன் டாலர் சேர்த்தோம், தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. கை தட்டினோம், தட்ட வேண்டியதுதான். பேராசிரியர் உட்கார இருக்கை ஆயிற்று. அவருக்கு எதிரே பெஞ்சில் உட்காரும் பிள்ளைக்கு என்ன வைத்திருக்கிறோம்?

ஆண்டுதோறும் நட்சத்திர இரவு நடத்துகிறோம். நடிகரை வரவழைக்கிறோம், அவர் நாற்பது நிமிடம் தாமதமாக வந்து "உங்களையெல்லாம் பார்த்ததில் மகிழ்ச்சி" என்று சொல்லிவிட்டுப் போகிறார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் வீட்டிலேயே என்னை உள்ளே விடமாட்டார்கள். அந்தச் செலவில் பத்தில் ஒரு பங்கை எடுத்து 'மாற்றல் நிதி' என்று தனிக் கணக்கில் போடுங்கள் என்கிறேன். தமிழ்ப் பிள்ளை என்று பார்க்க வேண்டாம், இந்த மாவட்டத்தின் எந்தப் பிள்ளையானாலும் கொடுப்போம். நகர்மன்ற உறுப்பினருக்கு இந்த ஒரு வரியை மட்டும் யாராவது மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். (கைதட்டல்)

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. "ஐயா, நடனக் குழு தயார்" என்று எழுதியிருக்கிறது.

மூன்றாவது செய்தி எச்-4 பிள்ளைகள். அவர்களுக்கு ஃபாஃப்சா என்ற விண்ணப்பம் வழியாக வரும் மத்திய அரசு உதவி கிடையாது, 21 வயதானால் பெற்றோரைச் சார்ந்த அந்த விசாவும் போய்விடும். அதற்குத் தனிக் கூட்டமே போட வேண்டும், நிதி இருந்தால் அவர்களுக்கும் அதிலிருந்து கொடுக்கலாம். கட்டுரை எழுதுவதைப் பற்றித் தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியை அம்மையார் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

அடுத்த பொதுக்குழுவில் இந்த நிதிக்கான தீர்மானம் வருகிறது. வெளியே, சிற்றுண்டிக்குப் போகும் வழியில் இடப்பக்கம் ஒரு மேசையில் தாள் வைத்திருக்கிறோம். பெயர், கைபேசி எண், கொடுக்க நினைக்கும் தொகை, இவ்வளவுதான். முதல் கையெழுத்து தன்னுடையது என்று தலைவர் அவர்கள் மேடையேறும்போது என் காதில் சொன்னார். இப்போது எல்லார் காதிலும் போட்டுவிட்டேன், இனி அவர் பின்வாங்க முடியாது. நன்றி, வணக்கம்.