கூரையில் தொடங்குங்கள்

மதுரை வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பழைய வீடு வைத்திருப்பவர்கள் என்னைப் பார்த்தால் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “டீச்சர், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாமா?” கையில் எவ்வளவு இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். இரண்டு லட்சம் என்பார்கள், மூன்று லட்சம் என்பார்கள். அந்தப் பணத்தில் புது வீடு எழும்பாது. ஆனால் அதே பணத்தில் ஒரு பழைய வீட்டை இன்னும் இரண்டு தலைமுறைக்கு நிற்க வைக்கலாம். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். கட்டடப் படிப்பு படித்ததில்லை. தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் தாத்தா கட்டிய வீடு இருக்கிறது. வாசல் நிலைக்கு மேலே சுதையில் 1934 என்று ஆண்டு போட்டிருக்கும். முன்னால் திண்ணை, உள்ளே பட்டாசாலை, நடுவில் முற்றம், பின்னால் அடுக்களை. முன்பகுதி மட்டப்பா, அதாவது கட்டைமேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட தட்டைக் கூரை; பின்பகுதி ஓடு. நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை, உங்களில் பாதிப் பேர் இப்படிப்பட்ட வீட்டில்தான் பிறந்திருப்பீர்கள். 2009-இல் பாகம் பிரித்தபோது அந்த வீடு என் பங்குக்கு வந்தது. செலவுக்கு என்று எங்களிடம் இருந்தது 1,80,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு காசு கடன் வாங்குவதில்லை என்று நானும் என் வீட்டுக்காரரும் முடிவு செய்துகொண்டோம்.

அந்த வீட்டில் எங்களை அழ வைத்தது பட்டாசாலையின் வடக்குச் சுவர். நெஞ்சு உயரத்தில் ஓதம். ஐப்பசி வந்துவிட்டால் சுவர் கறுக்கும். தை மாதம் காய்ந்து உப்புப் பூக்கும். கை வைத்தால் பூச்சு பொரிந்து பொலபொலவென்று உதிரும். என் அண்ணன் அந்த வீட்டில் இருந்த காலத்திலேயே மூன்று தடவை பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசியிருக்கிறார். மூன்று தடவைக்கும் சேர்த்து 14,000 ரூபாய்க்கு மேல் போயிற்று. ஒவ்வொரு முறையும் இரண்டு மழைக்காலம் தாங்கும். பிறகு சிமெண்ட் பூச்சு அப்பளம்போல உப்பி, பலகை பலகையாகக் கழன்று விழும். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் தரையிலிருந்து ஏறுகிற ஓதம் என்றே சொன்னார்கள். சுவருக்கு அடியில் மருந்து செலுத்த வேண்டும் என்று ஒருவர் 40,000 ரூபாய்க்குக் கணக்கு எழுதிக் கொடுத்தார்.

அப்போதுதான் சோழவந்தான் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயதைத் தாண்டிய கொத்தனார். பக்கத்துத் தெரு வீட்டில் ஓடு மாற்ற வந்தவரைத் தண்ணீர் குடிக்க உள்ளே கூப்பிட்டேன். செம்பை வாங்கிக் குடித்தவர், கீழே வைக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளங்கையைச் சுவரில் வைத்து மேலிருந்து கீழாக மெதுவாகத் தடவினார். கட்டைவிரல் நகத்தால் கொஞ்சம் சுரண்டி, விரலில் ஒட்டியதை வெளிச்சத்தில் பார்த்தார். “தாயி, கீழேயிருந்து ஏறுகிற ஓதமாக இருந்தால் தரையோரம்தான் அதிகமாக நனைந்திருக்கும். உங்களுக்குத் தரையோரம் காய்ந்து கிடக்கிறது. நெஞ்சு உயரத்தில்தான் நனைகிறது. சுவரை விடுங்கள், மேலே போய்ப் பார்ப்போம்” என்றார்.

அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு கேட்டு வாங்கினார். ஓதம் எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தையே பிடித்துச் சுற்றிலும் கோடு போட்டார். மாசி மாதம், ஒரு சொட்டு மழை இல்லை. மாடிக்கு ஏறி, கைப்பிடிச் சுவரின் ஓரமாகக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். பன்னிரண்டு குடம் ஊற்றினோம். கீழே வந்து திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். எனக்குப் பொறுமை இல்லை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றரை மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பார்த்தால் வலது பக்கத்தில் ஈரம் கரிக்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை வந்திருந்தது. இன்னும் அரை மணி நேரத்தில் மூன்று விரற்கடை.

பத்து வருடமாகச் சுவரைக் கொத்திக்கொண்டிருந்தோம். கோளாறு மாடியில் இருந்திருக்கிறது. மழைத் தண்ணீர் வெளியேறுகிற தூம்பின் வாயில் ஓர் அரசஞ்செடி முளைத்திருந்தது. அதை வருடா வருடம் கிள்ளிப் போட்டிருக்கிறோம். கிள்ளக் கிள்ள வேர் உள்ளே தடித்துக்கொண்டே போயிருக்கிறது. மாடியும் கைப்பிடிச் சுவரும் சேருகிற இடத்தைப் பிளந்துகொண்டு, அந்தப் பிளவு வழியாகவே தண்ணீரைச் சுவருக்குள் இறக்கியிருக்கிறது. பெரியவர் அந்த ஓரத்துச் செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வேரை முழுமையாக உருவினார். என் மணிக்கட்டுப் பருமன், ஒன்றரை முழ நீளம். செங்கலைத் திரும்ப வைத்து, சுண்ணாம்புக் கலவையால் அடைத்து, மூலையைச் சாய்வாக வழித்துவிட்டார். தூம்பின் வாயை அகலப்படுத்தினார். நான்கு நாள் வேலை. கூலியும் பொருளும் சேர்த்து 3,800 ரூபாய் ஆயிற்று.

இதனால்தான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்: பழைய வீட்டில் முதல் ரூபாயைக் கூரைக்குச் செலவிடுங்கள். வண்ணம் பூசுவது, தரைக்கு டைல்ஸ் போடுவது, கதவுக்குப் பாலிஷ் போடுவது எல்லாம் கூரை முடிந்த பிறகு. தண்ணீர் இறங்குவது நிற்காமல் கீழே எதைச் செய்தாலும் அது இரண்டு மழைக்காலத்துக்குத்தான் வரும்.

இனி அந்தச் சுவரின் கதை. பெரியவர் சிமெண்ட் பூச்சு முழுவதையும் கொத்தி எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டு உடனே பூசவில்லை. பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி என்று நான்கு மாதம் செங்கல் தெரிய வெறும் சுவராக விட்டுவைத்தோம். மதுரை வெயிலைத் திட்டாதவர்கள் கிடையாது. அந்த வருடம் நான் அதைக் கும்பிட்டேன். ஆனி முடிவில் சுவர் சுட்ட சட்டிபோல வறண்டுவிட்டது.

பிறகு சுண்ணாம்புப் பூச்சு. நேயர்களே, இந்த ஒன்றைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். உங்கள் தாத்தா காலத்துச் சுவர் செங்கலும் சுண்ணாம்புமாகக் கட்டியது. அப்படிப்பட்ட சுவரில் ஈரம் புகுந்தாலும் அது பூச்சு வழியாக வெளியே வந்து காற்றில் காய்ந்துவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழி இல்லாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. சுவரில் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு பூச்சுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. அங்கே உப்பு உறையும்போது பூச்சைத் தள்ளுகிறது. எங்கள் சுவர் அப்பளம்போல உப்பியது அதனால்தான். சிமெண்ட் கெட்ட பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. சிமெண்டில் கட்டிய வீட்டுக்குச் சிமெண்ட் பூசுங்கள், சுண்ணாம்பில் கட்டிய வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசுங்கள். மேலே பூசுகிற வண்ணத்துக்கும் இதே பேச்சுதான். வழவழப்பான பெயிண்ட் அடித்தாலும் சுவரின் மூச்சு அடைபடும். நீர்க்கச் சுண்ணாம்பு கரைத்து மூன்று தடவை அடித்தால் போதும், செலவும் குறைவு.

சுண்ணாம்பு எத்தனை நாள் நிற்கும் என்று சந்தேகப்படுகிறவர்கள் நம் ஊரில் இருக்கவே கூடாது. திருமலை நாயக்கர் மகால் 1636-இல் கட்டியது. அந்தத் தூண்களும் வளைவுகளும் செங்கலும் சுண்ணாம்பும் சுதையும்தான். இடையில் அந்த அரண்மனையின் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. மிச்சம் இருந்ததை 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்க வைத்தார். அன்று பழுது பார்த்ததால்தான் இன்று நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய் அண்ணாந்து பார்க்கிறோம்.

சுண்ணாம்புக் கல் சுட்ட காளவாசல்கள் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தன. மதுரையில் ஒரு பகுதிக்கே காளவாசல் என்றுதான் பெயர். கல் சுண்ணாம்பை வாங்கி வந்து குழியில் போட்டுத் தண்ணீர் விட்டால் கொதிக்கும், அப்போது பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கு அடியிலேயே இரண்டு வாரமாவது ஊறவிட வேண்டும். அவசரப்பட்டால் நீறாத துணுக்குகள் சுவரில் ஏறிய பிறகு நீறி, பூச்சில் பொத்தல் விழும். பூசிய பிறகும் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்ளே இழுத்து மெல்ல மெல்லத்தான் கல்லாகும். முதல் சில நாள் அது சட்டென்று காய்ந்துவிடாமல் அவ்வப்போது நனைத்துவர வேண்டும்.

மட்டப்பா போடுகிற விதத்தை என் அம்மாச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின்மேல் சிறு செங்கலைக் குத்துக்கல்லாக நிறுத்திக் கட்டி, அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டுவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிப்பார்களாம். அந்தப் புளித்த வாசம் தெரு முழுவதும் இருக்கும் என்பார். எங்கள் மாடியில் விரிசலை அடைக்கப் பெரியவர் ஒரு பானையில் கடுக்காய் ஊறவைத்தபோது, அம்மாச்சி சொன்ன அதே வாசம் வந்தது. நான் அந்தப் பானைக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, கூரைக்கு வருகிறேன். மறுபடியும் கூரைதான். மட்டப்பாவின் அடியில் தெரியும் கட்டைகளைப் பாருங்கள். நடுவில் நன்றாக இருக்கும், சுவருக்குள் நுழைகிற முனையில்தான் உளுத்துப்போகும். ஏணி போட்டு ஏறி, அந்த முனையில் ஸ்குரூ டிரைவரால் குத்துங்கள். நல்ல தேக்கு எதிர்த்து நிற்கும். மாவுபோல இறங்கினாலோ, சுவரே வெளிப்பக்கம் வயிறு தள்ளி நின்றாலோ, அது நீங்களும் நானும் கை வைக்கிற வேலை இல்லை. விவரம் தெரிந்த ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அந்தச் செலவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு வேலை சுலபம். மங்களூர் ஓடு 1860-களில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன்காரர்கள் தொடங்கிய தொழில். அந்தக் காலத்து ஓடுகள் இன்னும் மழைக்கு நிற்கின்றன. இடிக்கிற வீடுகளிலிருந்து வருகிற பழைய ஓடு பாதி விலைக்குக் கிடைக்கும். ஒவ்வொன்றையும் தூக்கி விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். சொத்தென்று கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. எங்கள் அடுக்களைக்கு 600 ஓடு தேவைப்பட்டது. முழுவதும் பழைய ஓடுதான், ஒன்றுகூட இதுவரை ஒழுகவில்லை.

வேலை நடக்கும்போது வாசலில் ஒருவர் வந்து நிற்பார். பழைய கதவு, நிலை, தூண் இருந்தால் நல்ல விலை தருகிறேன் என்பார். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். கையில் பணம் குறைந்துகொண்டு வருகிற நேரத்தில் 25,000 ரூபாயை எண்ணிக் காட்டினால் மனம் ஆடத்தான் செய்யும். கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கனத்தில், அந்த வயிரம் பாய்ந்த தேக்கில், அந்தப் பணத்துக்கு உங்களால் ஒரு கதவு செய்ய முடியாது. அதன் கீழ்ச்சட்டம் மட்டும் கரையான் அரித்திருக்கும், அந்த ஒரு சட்டத்தை மாற்றினால் போதும். எங்கள் வாசல் கதவுக்கு அப்படித்தான் செய்தோம். ஆசாரி இரண்டு நாளில் முடித்துவிட்டார். தாத்தா கைபட்டுத் தேய்ந்த நாதாங்கி இன்றைக்கும் அதே இடத்தில் இருக்கிறது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய வீட்டு வேலையை மொத்தக் குத்தகைக்கு விடாதீர்கள். கொத்திப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். நாள் கூலிக்கு ஆள் வைத்து, நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். கையில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் தனியே முடிந்து வையுங்கள். எங்களுக்கு அது கிணற்றடிச் சுவருக்கு உதவியது. தை பிறந்ததும் கூரையைத் தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிடும்.

அடுக்களையையும் குளியலறையையும் பற்றி நிறையக் குறித்துக்கொண்டு வந்தேன். நேரம் இல்லை, நிலையத்தார் கை காட்டுகிறார்கள். மின்சாரத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், அது உயிர் விஷயம். சுவரில் மெல்லிய மரச்சட்டம் வைத்து அதில் ஆணி அடித்துப் போட்ட பழைய ஒயரிங் இருந்தால், வண்ணம் பூசுவதற்கு முன்னால் அதை மாற்றுங்கள். பல பழைய வீடுகளில் எர்த் கம்பியே கிடையாது, முதலில் அதைப் போடச் சொல்லுங்கள். கூடவே கடையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்று கேட்டு வாங்கி மெயினில் பொருத்துங்கள். மின்சாரம் எங்காவது கசிந்தால் அது உடனே துண்டித்துவிடும். ஓதம் ஏறிய சுவரில் இருக்கும் சுவிட்சை ஈரக் கையோடு தொடாதீர்கள், பிள்ளைகளையும் தொடவிடாதீர்கள். ஒயர் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே கொடுங்கள்.

வணக்கம்.