இரு வழக்கில் ஒரு ஜெபம்

மேடையில் வீற்றிருக்கும் ஆயர்களே, குருக்களே, அருட்சகோதரிகளே, அன்புக்குரிய இறைமக்களே,

சற்றுமுன் நாம் ஆண்டவர் கற்பித்த ஜெபத்தைச் சேர்ந்து சொன்னோம். ஒரு பக்கத்தார் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்றும், மறுபக்கத்தார் ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்றும் தொடங்கினோம். ‘ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்’ என்னும் முடிவுரையைச் சொல்லும் வழக்கமில்லாத கத்தோலிக்க அன்பர்கள் முன்னதாகவே முடித்துவிட்டு, மற்றவர்கள் ‘ஆமென்’ சொல்லும்வரை அமைதியாகக் காத்து நின்றார்கள். அந்தக் காத்திருத்தலைப் பார்த்தபோது, நம் மண்ணில் திருச்சபைகள் ஒன்றுசேர்ந்த வரலாறே நினைவுக்கு வந்தது.

நம்மில் பலருடைய சபைப் பெயர் நம் முன்னோர் ஆராய்ந்து தேர்ந்ததன்று. 19-ஆம் நூற்றாண்டில் மிஷன் சங்கங்கள் நிலப்பரப்பைத் தமக்குள் பிரித்துக்கொண்டு ஊழியம் செய்தன; ஆகவே மதுரைப் பக்கம் விசுவாசத்திற்கு வந்தவர் அமெரிக்க மிஷனின் சபையாரானார், திருநெல்வேலியில் வந்தவர் இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த ஆங்கிலிக்கரானார், ஆற்காட்டில் வந்தவர் சீர்திருத்தச் சபையாரானார். இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் நடந்த சச்சரவுகளின் பெயர்களை, அச்சச்சரவுகளில் பங்கேயில்லாத நாம் சுமந்தோம்.

இதை உணர்ந்தவர்கள் 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடினார்கள். 1706-இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய அதே கடற்கரை ஊர் அது. கூடியவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியக் குருமார். அவர்களுள் முன்னின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகித் தெலுங்குப் பகுதியான தோர்ணக்கல்லில் பணியாற்றிய வே. ச. அசரியா. பேராயர் இல்லாமல் மூப்பர் குழுவால் ஆளப்படும் பிரெஸ்பிட்டேரியரும், ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே ஆளும் காங்கிரிகேஷனல் சபையாரும் 1908-இலேயே தென்னிந்திய ஐக்கிய சபையாக இணைந்திருந்தார்கள். அந்த ஐக்கிய சபையும் ஆங்கிலிக்கரும் ஒன்றாவதற்கான அழைப்பு தரங்கம்பாடியிலிருந்து எழுந்தது. வெஸ்லியன் மெதடிஸ்டுகள் பின்னர்ச் சேர்ந்துகொண்டார்கள்.

அழைப்புக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையில் 28 ஆண்டுகள் சென்றன. தடையாக நின்ற பெரிய கேள்வி குருப்பட்டம் பற்றியது. பேராயர் கைவைத்து அருட்பொழிவு செய்தால்தான் குருப்பட்டம் முறையானது என்பது ஆங்கிலிக்கரின் நம்பிக்கை. பேராயரின்றி அருட்பொழிவு பெற்று, வாழ்நாளெல்லாம் திருவிருந்து பரிமாறிய ஒரு போதகரிடம், ‘மீண்டும் கைவைப்புப் பெறுங்கள்’ என்று சொன்னால், அதுவரை அவர் செய்த ஊழியம் ஊழியமேயன்று என்றாகிவிடாதா? இருதரப்பு வேதனையும் உண்மையானது. இரண்டையும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. இனி அருட்பொழிவு பெறுகிறவர் எல்லாரும் பேராயரிடமே பெறுவார்கள், ஏற்கெனவே குருக்களாயிருப்பவர்கள் இருந்தபடியே ஏற்றுக்கொள்ளப்படுவார்கள், எந்தச் சபையின்மீதும் அதன் மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஊழியரோ ஆராதனை முறையோ திணிக்கப்படாது என்று முடிவாயிற்று. எல்லாவற்றிலும் ஒத்த கருத்து பிறந்த பிறகு சேரலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. சேர்ந்து வாழ்ந்துகொண்டே ஒத்த கருத்துக்கு வரலாம் என்று நம்பினார்கள். என் எண்ணத்தில், அந்த நம்பிக்கைதான் அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற சொத்து.

1947 செப்டம்பர் 27-ஆம் நாள், நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்களில், சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ‘அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும்’ என்ற ஆண்டவரின் வேண்டுதலே அதன் குறிக்கோளாயிற்று. அசரியா அதைக் காணவில்லை. 1945 ஜனவரி முதல் நாளில் அவர் கண்மூடியிருந்தார்.

லுத்தரன் சபையார் அந்த இணைப்பில் சேரவில்லை. கத்தோலிக்கருடனான உறவோ, கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பொதுச் சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏட்டுக்குப் பிறகுதான் தளிர்த்தது. கத்தோலிக்க, புரொட்டஸ்டன்ட் அறிஞர்கள் சேர்ந்து மொழிபெயர்த்த பொது விவிலியம் 1995-இல் நம் கைக்கு வந்தது. ஆனாலும் ஒரு சபையில் ஞானஸ்நானம் பெற்ற பெண்ணை, திருமணத்தின்போது வேறு சபையார் மீண்டும் ஞானஸ்நானம் பெறச் சொல்வதை இன்றும் கேள்விப்படும்போது என் மனம் நோகிறது.

அதைவிட நோகச் செய்வது மற்றொன்று. நம் மாநிலத்தில் சில ஊர்களின் கல்லறைத் தோட்டங்களில், ஒரே சபையைச் சேர்ந்தவர்களையே சாதி பார்த்துப் பிரிக்கும் சுவர்கள் எழுந்தன. அவற்றை ரோமாபுரியும் கட்டவில்லை, ஆங்கிலிக்கரின் தலைமைப் பீடமான கேன்டர்பரியும் கட்டவில்லை, நாமே கட்டினோம். ஆகவே வரும் ஜனவரி 18 முதல் 25 வரை நடைபெறும் ஒன்றிப்பு ஜெப வாரத்தில், ஒரு மாலைக் கூட்டத்தையாவது ஆலயத்திற்குள் வைக்காமல், அப்படியொரு சுவர் நிற்கும் தோட்டத்தில், அந்தச் சுவரின் அருகிலேயே நாம் எல்லாரும் கூடி நடத்தவேண்டும் என்று இந்த மேடையில் இருக்கும் ஆயர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.