காற்றும் கல்லும்

நேயர்களுக்கு வணக்கம். மலையேறுகிறவர்களிடம் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டால், வழுக்கி விழுவதைத்தான் முதலில் சொல்வார்கள். சரி, அதற்குக் கயிறு இருக்கிறது. கயிறு கட்டியிருந்தாலும் விடாத இரண்டைப் பற்றி இன்று பேசுகிறேன்: காற்று, மேலிருந்து வரும் கல்.

காற்றின் வேகம் இரு மடங்கானால், அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிவிடும். மணிக்கு 30 கிலோமீட்டரில் முகத்துக்கு இதமாக இருந்த காற்று, 60-ஐத் தொட்டதும் நடையைத் தடுமாற வைக்கும். 100-ஐ நெருங்கினால் நிற்பதே பெரும்பாடு. அடிவாரத்தில் இலை அசையவில்லையே என்று கிளம்பிவிடாதீர்கள். முகட்டைத் தாண்டும்போதும் கணவாய்க்குள் நுழையும்போதும் காற்று நெருக்கப்பட்டு வேகமெடுக்கும். வானிலை அறிக்கையில் உச்சியின் உயரத்துக்கான வேகத்தைப் பாருங்கள். அதோடு திடீர் வீச்சு எவ்வளவு என்றும் பாருங்கள். ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் அந்த வீச்சுதான்.

குளிரும் கூடவே வரும். வெப்பநிலை பூஜ்யம் டிகிரி, காற்று 50 கிலோமீட்டர் என்றால் தோலுக்கு அது மைனஸ் 8 போல இருக்கும். கொக்கியை மாட்டுவதற்காகக் கையுறையைக் கழற்றினால், மறுபடி மாட்டிக்கொள்ள விரல் ஒத்துழைக்காது. கழற்றிய கையுறையைக் காற்று கொண்டுபோய்விட்டால் இன்னும் மோசம். மணிக்கட்டோடு கயிற்றில் கட்டி வையுங்கள்.

இது அனுபவசாலிகளையும் விட்டுவைப்பதில்லை. ஆலிசன் ஹார்கிரீவ்ஸ் 1995 மே மாதம் ஆக்சிஜன் உருளை இல்லாமல் எவரெஸ்ட் ஏறியவர். அதே ஆண்டு ஆகஸ்டில் உலகின் இரண்டாவது உயரமான சிகரமான கே-2 உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும்போது கடுங்காற்றில் சிக்கி, உடன் இருந்த சிலரோடு உயிரிழந்தார். போகும்போது முதுகில் தள்ளும் காற்று, திரும்பும்போது முகத்தில் அறையும். அதனால் திரும்பி வருவதை நினைத்துத்தான் முன்னேற வேண்டும். எத்தனை மணிக்கு எங்கிருந்தாலும் திரும்புவது என்பதைக் கீழேயே பேசி முடித்துவிடுங்கள். மேலே போன பிறகு உச்சி ஆசை நியாயம் பேசும்.

இனி கல். பாறை வெடிப்பில் இறங்கிய தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிந்து, கல்லை நெம்பிவிடுகிறது. இரவு முழுக்க அதே பனிக்கட்டிதான் அந்தக் கல்லைப் பிடித்தும் வைத்திருக்கும். வெயில் பட்டதும் பிடி விடும். ஆல்ப்ஸில் விடியும் முன்பே விளக்கோடு புறப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2003 கோடை வெப்பத்தில் அதே ஆல்ப்ஸில் இருக்கும் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் பாறையே பெயர்ந்து விழுந்து, வழியைச் சில நாள் மூட வேண்டியதாயிற்று.

ஐம்பது மீட்டர் மேலிருந்து விழும் கல் மூன்று நொடியில் வந்துவிடும், மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில். ஹெல்மெட் கட்டாயம்தான், ஆனால் தலையளவு கல்லுக்கு அது பதில் ஆகாது. கல் விழும் கோட்டில் நிற்காமல் இருப்பதே பதில். பள்ளத்தின் அடியில் பனியைப் பாருங்கள். நீளமான கீறல்கள், அவற்றின் முடிவில் புதைந்த கற்கள், மேலே பாறையில் வெளிறிய புதுத் தழும்பு இருந்தால் வழி அதுவல்ல. வேறு வழியே இல்லையென்றால் அதிகாலையில், ஒவ்வொருவராக, நிற்காமல் கடக்க வேண்டும். ‘கல்!’ என்று குரல் கேட்டால் அண்ணாந்து பார்க்காதீர்கள். பாறையோடு ஒட்டி, முகத்தைக் குனிந்து, முதுகுப்பை கழுத்தை மறைக்கும்படி நில்லுங்கள். கையைத் தலைக்கு மேல் வைத்தால் விரல்தான் நசுங்கும்.

ஆனால் பலத்த காற்றில் அந்தக் குரலே கேட்காது. அப்படிப்பட்ட நாளில் கல் விழக்கூடிய பாதையை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அப்புறம், கயிற்றைப் பிடித்து இறங்கும்போது காற்றில் அதைக் கீழே வீசாதீர்கள். பறந்துபோய் எங்கோ சிக்கும். அதைப் பிடுங்கும்போது அங்கிருக்கும் கல்லும் சேர்ந்து வரும். சுருட்டி இடுப்பில் தொங்கவிட்டு, இறங்க இறங்க விடுவதே மேல். நன்றி, வணக்கம்.